மீனுக்கு மணி கட்டிய டெய்லர்

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள் கூடிப் பேசிக் கலைந்த கதை எல்லோருக்கும் தெரியும். துறைமுகத்துக்குப் பின்சந்தில் கடை வைத்திருந்த டெய்லர் கூட்டமும் கூட்டவில்லை, பேச்சும் நடத்தவில்லை. மீனுக்கே மணி கட்டிவிட்டார். பூனை என்றாலாவது கழுத்தில் கயிற்றை மாட்டிவிட்டு ஓடிவிடலாம். மீனுக்குக் கழுத்து ஏது? வயிற்றைக் கீறி, மணியை உள்ளே வைத்து, மூன்று தையல் போட்டு, உயிர் போவதற்குள் கடலில் விட வேண்டும். இத்தனைக்கும் அவர் டாக்டருக்குப் படித்தவர் இல்லை. கால்சட்டையும் பள்ளிச் சீருடையும் தைத்தவர்.

கடை என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். நீட்டிப் படுத்தால் கால் தெருவில் இருக்கும். ஒரு தையல் மிஷின், ஒரு முக்காலி, தலைக்கு மேலே ஒரு பல்பு, ஆணியில் தொங்கும் யாரும் வாங்க வராத பழைய கால்சட்டைகள். பெரிய தெருவில் ரெடிமேட் கடை வந்த பிறகு அவரிடம் வந்ததெல்லாம் அறுந்த ஜிப்பும், கிழிந்த பையும், படகுக்காரர்களின் மழைக்கோட்டும்தான். வேலை குறைந்ததே தவிர வாய் குறையவில்லை. யாராவது கிழிந்த சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தால் முதலில் அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவார்.

"நல்லாப் பாரு. துணிதான் கிழிஞ்சிருக்கு. தையல் பக்கத்துலயே நிக்குது, தெரியுதா? துணிக்கு நான் பொறுப்பில்ல."

கிழிந்தது கிழிந்ததுதானே என்று கேட்டுவிட்டால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

இந்த வீம்பை வளர்த்துவிட்டவன் அவருடைய தம்பி. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது தம்பி அரைக்கால்சட்டை போடுகிற பிள்ளை; இவர் அப்போதுதான் மிஷின் மிதிக்கப் பழகியிருந்தார். அவன் கிழிக்கப் பிறந்தவன், இவர் தைக்கப் பிறந்தவர். காலையில் இரட்டைத் தையல் போட்டு அனுப்பினால் சாயங்காலம் மூன்றாவது தையலுக்கு வேலை வைத்துக்கொண்டு வருவான். அவன் சட்டைகளில்தான் இவர் கை திருந்தியது. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "முதல்ல இவன் ஆளாகட்டும்" என்றார். இவன் ஆளானான், பேச்சு வருவது நின்றுபோயிருந்தது. தம்பிக்குக் கல்யாணம் செய்துவைத்து, சந்தின் எதிர்வீட்டில் குடிவைத்து, அங்கேயே இரண்டு வேளையும் சாப்பிட்டுக்கொண்டார். தம்பி மனைவி ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தாள். "உப்புக் கம்மி" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே மறுசோறு வாங்குகிற மாமனார் ஸ்தானத்து மனிதரை அவளுக்குப் பிடித்திருந்தது.

தம்பி மீன் ஆராய்ச்சி நிலையத்தில் படகு ஓட்டினான். அந்த நிலையத்தின் தலைமை அதிகாரியை எல்லோரும் மேடம் என்பார்கள். கடலில் பெரிய மீன்கள் குறைந்துகொண்டே வந்தன. அவை முட்டையிட எங்கே கூடுகின்றன என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாதவரை அரசாங்கத்துக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: கரை முழுக்க வலை போடாதே என்று மாதக்கணக்கில் தடை. மேடம் வேறு மாதிரி யோசித்தார். மீன் எந்த அறையில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அந்த அறையை மட்டும் பூட்டினால் போதும், வீட்டையே ஏன் பூட்ட வேண்டும்? அதற்குத்தான் மணி. மாத்திரை அளவில் ஒரு கருவி. அதில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துவிட்டால், வருடக்கணக்கில் தன் நம்பரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். மனிதக் காதுக்கு அது கேட்காது. கடலடியில் சிமென்ட் கட்டையில் கட்டி நிறுத்தியிருந்த கருவிகளுக்குக் கேட்கும். அவற்றுக்குக் காது என்று பெயர் வைத்தவன் தம்பி. சில மாதத்துக்கு ஒருமுறை காதுகளைத் தூக்கி வந்து கம்ப்யூட்டரில் மாட்டினால், எந்த மீன் எந்தக் காதைக் கடந்து எங்கே போனது என்று திரையில் புள்ளி புள்ளியாக ஓடும்.

ஓட வேண்டும். ஆரம்பத்தில் பாதிப் புள்ளிகள் ஓடவில்லை. மீனைத் தைத்த மாணவர்கள் நூல் சரியில்லை, ஊசி சரியில்லை என்றார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். தையல் பிரிந்து மணிகள் கடலடியில் உதிர்ந்து கிடந்தன. அந்தச் சமயத்தில் மேடம் தன் பைக்கு ஜிப் மாற்ற வந்து, டெய்லரின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மீன் தைப்பீங்களா, டெய்லர்?"

"தைக்கலாம் மேடம். அளவு எடுக்க உங்க மீன் சும்மா நிக்குமா?"

சும்மாதான் நின்றது. மயக்க மருந்து கலந்த தொட்டியிலிருந்து எடுத்து, ஈரமான நுரைமெத்தையில் மல்லாக்கப் படுக்கவைத்து, வாயில் தண்ணீர்க் குழாயை விட்டிருப்பார்கள். நகத்தின் நீளத்துக்கு ஒரு கீறல். முதல் நாள் ஊசியை வைத்த இடத்திலேயே நிறுத்திவிட்டார். துணி மூச்சு விடாது, இது விட்டது. முடித்துவிட்டு மீனைப் பார்த்து, "மன்னிச்சுக்கோ, காஜா எடுக்கல" என்றாராம்.

அவர் கை பட்ட பிறகு புள்ளிகள் ஓட ஆரம்பித்தன. எப்போதாவது ஒன்று நின்றுவிடும். நின்ற புள்ளிக்கு இரண்டே அர்த்தம்: மீன் செத்துப்போயிருக்கும், அல்லது தையல் விட்டு மணி விழுந்திருக்கும். செத்த மீனைக் கணக்கில் சேர்த்தால் தப்பான இடத்தைப் பூட்ட வேண்டி வரும் என்பதால் மேடம் ஒவ்வொரு முறையும் கேட்டே தீருவார்.

"மீன் செத்துச்சா, தையல் விட்டுச்சா?"

"மீன்தான் மேடம் செத்திருக்கும். என் தையல் பிரியாது."

ஒருமுறை மேடம் விடவில்லை. ஆழத்தில் முங்குகிற டைவரை இறக்கி, நின்றுபோன மணியைத் தேடச் சொன்னார். டைவரிடம் இருந்த கைக்கருவி மணியின் சத்தத்தை நம் காதுக்குக் கேட்கும்படி டிக், டிக் என்று மாற்றிக் கொடுக்கும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போய், பாறை இடுக்கில் செத்துக் கிடந்த மீனையே கொண்டுவந்துவிட்டார். வயிற்றில் மூன்று தையலும் வரிசையாக இருந்தன. டெய்லர் அன்று நிலையத்தில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்.

"அண்ணே, செத்துப்போனதுக்கு இனிப்பு குடுத்த ஒரே ஆளு உலகத்துலயே நீதான்" என்றான் தம்பி.

"செத்ததுக்கு இல்லடா. தையலுக்கு."

தம்பிக்கு ஒரு கெட்ட பழக்கம். காந்தம் எடுத்த மணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படகின் ஓரத்தில் குனிவான். மணி தொபுக்கென்று கடலில் விழும். மேடம் தலையில் அடித்துக்கொள்வார். டெய்லர் அவனுடைய வேலைச் சட்டையை வாங்கி, உள்பக்கத்தில் ஒரு பை தைத்தார். மழைக்கோட்டுத் துணியில் பை, மேலே ஒரு மூடி, இரண்டு பட்டன். நூல், மீனுக்குப் போடுகிற தண்ணீரில் மக்காத நூல். முடிச்சும் மீனுக்குப் போடுகிற முடிச்சுதான்.

தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு நெஞ்சைத் தட்டிப் பார்த்தான். "கடைசியில எனக்கும் மணி கட்டிட்டியா?"

"உனக்குத்தான்டா முதல்ல கட்டியிருக்கணும். எங்க சுத்துறன்னு உன் பொண்டாட்டிக்காவது தெரிஞ்சிருக்கும்."

அவள் அடுப்படியிலிருந்து சிரித்தது இருவருக்கும் கேட்டது.

அது நடந்த நாளில் காற்று சாதாரணமாகத்தான் இருந்தது. நடுக்கடலில் நிலையத்தின் பெரிய படகில் டெய்லர் மீன் தைத்துக்கொண்டிருந்தார். கடைசி மீன், மணி வைப்பதற்கு முன்பே மயக்கம் தெளிந்து துள்ளி, தொட்டியைத் தாண்டிக் கடலுக்குள் போய்விட்டது. காந்தம் எடுத்த மணி டெய்லர் கையில் மிஞ்சியது. அதைத் தம்பியிடம் நீட்டினார். தம்பி பையில் போட்டு, அண்ணன் பார்க்கவேண்டும் என்றே இரண்டு பட்டனையும் ஒவ்வொன்றாகப் பூட்டிக் காட்டினான். பிறகு, ஒரு காதின் கயிறு தளர்ந்திருக்கிறது, கட்டிவிட்டு வருகிறேன் என்று சின்னப் படகில் தனியாகப் போனான். பெரிய படகு கரைக்குத் திரும்பியது. அது துறைக்குள் நுழையும்போது வானம் கறுத்துப் புயல் பிடித்துக்கொண்டது.

மறுநாள் மீன்பிடிக்கப் போனவர்கள் சின்னப் படகைக் கவிழ்ந்த நிலையில் இழுத்து வந்தார்கள். அவனைக் காணவில்லை. மீனுக்கு மணி கட்டுவதைப் பார்த்து அத்தனை நாள் கேலி பேசிய படகுச் சங்கத்துக்காரர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுத் தேடினார்கள். கடல் கிணற்றில் போட்ட கல்லாக இருந்தது.

உடம்பு கிடைக்காத வீட்டில் அழுவதற்கும் வழியில்லை, அழாமல் இருப்பதற்கும் வழியில்லை. ஆளுக்கொரு கதை கொண்டுவந்தார்கள். சரக்குக் கப்பல் ஒன்று ஒருவனைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு வருடம் கழித்து வேறு நாட்டில் இறக்கிவிட்டதாம். நீரோட்டம் ஒருவனைத் தீவில் ஒதுக்கியதாம். தம்பி மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அவளுடைய அண்ணன் வந்து எங்களோடு வந்துவிடு என்று கூப்பிட்டபோது, "அவர் வர்றப்போ வீடு பூட்டியிருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். கதவுக்கு உள்தாழ் போடுவதைக்கூட விட்டாள். ஐஸ் கம்பெனி, விட்டால் வீடு. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் நிமிர்வாள். டெய்லர் சாப்பிட வரும்போது கனைத்துக்கொண்டே வரப் பழகினார், அவள் ஏமாந்துவிடக் கூடாதே என்று.

மழைப் பருவம் முடிந்து கடல் அடங்கிய பிறகுதான் காதுகளைத் தூக்க முடிந்தது. மேடம் டெய்லரைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கம்ப்யூட்டர் திரையில் ஒரு புள்ளி இருந்தது. மீனுக்குள் போகாத அந்த மணியின் நம்பர். புயல் அடித்த சாயங்காலம் ஒரு காது அதைக் கேட்டிருந்தது, பிறகு பக்கத்துக் காது. அதற்குப் பிறகு அதே காதுதான், இடைவிடாமல், மாதக்கணக்காக. புள்ளி நகரவேயில்லை.

மேடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. டெய்லர் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார்.

"தையல் விட்டிருக்கும் மேடம்."

மேடம் அவரைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை.

"டெய்லர்..."

"அவசரத்துல தைச்சது மேடம். மழைக்கோட்டுத் துணி வழுக்கும், முடிச்சு நிக்காது. பை பிரிஞ்சு மணி விழுந்திருக்கும். அவ்வளவுதான்."

"டைவரை இறக்கிப் பாத்துரலாமா?"

"ஒரு மணிக்காக எதுக்கு மேடம்? விடுங்க."

தம்பி வீட்டிலும் அதையேதான் சொன்னார். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, தலையை நிமிர்த்தாமல் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்க தையலா மாமா பிரிஞ்சிது?"

"எல்லாம் ஒரு நாள் பிரியும்மா. நான் என்ன பெரிய கொம்பனா?"

அவள் முகத்தில் வெளிச்சம் வந்ததை டெய்லர் பார்த்தார். மணி வேறு, மனிதன் வேறு. மணி விழுந்த இடத்தில் அவன் இருக்க வேண்டியதில்லை. அன்று அவள் தனக்கும் ஒரு தட்டு வைத்துச் சாப்பிட்டாள். மறுநாள் ஐஸ் கம்பெனியில், சந்தில், குழாயடியில் எல்லாம் அவளே சொன்னாள்: "மாமா தையல் மட்டமாப் போனது எவ்வளவு நல்லதாப் போச்சு." மழைக்கோட்டுக்காரர்கள் சிலர் பெரிய தெருவுக்குப் போனார்கள். டெய்லர் வாயைத் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கு வாயைத் திறக்க நேரம் ஏது?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: அது முழுப் பொய்யாக இருக்கக் கூடாது என்று அவர் உயிரைக் கொடுத்து ஆசைப்பட்டார். அந்தப் பை தைத்த நாளை நினைத்து நினைத்துப் பார்த்தார். கரண்ட் போகவில்லையா? ஊசி முனை மழுங்கவில்லையா? யாரோ கூப்பிட்டுத் திரும்பவில்லையா? ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அதே மழைக்கோட்டுத் துணியை வெட்டி, அதே நூலில், அதே முடிச்சில் இன்னொரு பை தைத்தார். கல்லை உள்ளே போட்டுப் பட்டனைப் பூட்டி, ஒரு வாளி கடல்தண்ணீரில் ஊறவைத்து மிஷினுக்கு அடியில் தள்ளினார். கடை திறந்ததும் முதல் வேலை அதை எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பது. காலை மிஷின் பலகையில் ஊன்றிக்கொண்டு இழுப்பார். "பிரிஞ்சு தொலையேன்" என்று கெஞ்சுவார். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் தன் தையல் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். விரல்தான் நூலில் அறுபட்டது.

இதற்கிடையில் மேடம் கூட்டம் கூட்டினார். சில வருட மணிச் சத்தத்துக்குப் பதில் கிடைத்திருந்தது: பெரிய மீன்கள் முட்டையிடக் கூடுவது ஒரே ஒரு பாறைத் திட்டில். அந்தத் திட்டை மட்டும், அந்தப் பருவத்துக்கு மட்டும் மூடினால் போதும்; மற்ற கடல் எல்லாம் திறந்திருக்கும். சுவரில் படம் விழுந்தது. எதையும் எதிர்த்தே பழகிய படகுச் சங்கத் தலைவர் எழுந்தார். எல்லோரும் சண்டைக்குத் தயாரானார்கள்.

"இதுல அந்தப் பையன் புள்ளி எது?" என்று கேட்டார் தலைவர்.

மேடம் தயங்கினார். "அது கணக்குல இல்லைங்க. ஆனா அந்தத் திட்டுலதான் இருக்கு."

பின்வரிசையிலிருந்து டெய்லர் எழுந்து, "அது அவன் இல்லைங்க, மணி மட்டும்தான். தையல் விட்டுப்போச்சு" என்றார்.

தலைவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். பல வருடமாக இந்த டெய்லரிடம் மழைக்கோட்டு தைத்துப் போட்டவர் அவர். "சரிப்பா. மணிதான்" என்றார் மெதுவாக. பிறகு மேடம் பக்கம் திரும்பி, "மூடிக்கோங்க. அந்த இடத்துல வலை போட எங்களுக்கும் கை வராது" என்று சொல்லி உட்கார்ந்தார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. டெய்லருக்கும் தம்பி மனைவிக்கும் மட்டும்தான் தெரியாது. டெய்லருக்குத் தெரியாது என்பதும் சந்தேகம்தான்.

நுணலும் தன் வாயால் கெடும். ஒரு நாள் சோறு போடும்போது அவள் கேட்டாள்:

"மாமா, டைவரை விட்டு அந்த மணியை எடுத்துப் பாக்கலாமே?"

டெய்லர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். "எதுக்கும்மா?"

"மணி மட்டும் தனியாக் கிடந்தா, பை பிரிஞ்சதுன்னு நிச்சயமாயிடும்ல. அப்புறம் எங்க அண்ணன்கிட்ட நான் தைரியமாச் சொல்லலாம். மூணு தடவை வந்துட்டுப் போயிட்டாரு. நீ எதை நம்பி உக்காந்திருக்கன்னு கேக்குறாரு. கையில காட்ட ஒண்ணு வேணும் மாமா."

"சேத்துல புதைஞ்சிருக்கும்மா. கிடைக்காது."

"சத்தம் கேக்குதுல்ல? அப்ப கிடைக்கும்."

மறுநாள் ஐஸ் கம்பெனியில் அரைநாள் லீவு போட்டுவிட்டு, அவளே நேராக மேடத்தைப் போய்ப் பார்த்தாள். மேடத்தால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

மணியைத் தேடிப் போன நாளில் கடல் கண்ணாடியாகக் கிடந்தது. படகில் மேடம், டைவர், டெய்லர் மூவர்தான். திட்டுக்கு மேலே வந்ததும் மேடம் கைக்கருவியைத் தண்ணீரில் இறக்கினார். டிக், டிக் என்று கேட்டது. அவ்வளவு மாதமாக யாரும் கேட்காமல் சொல்லிக்கொண்டிருந்த நம்பர். டெய்லர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு முடிச்சு, ஒரே ஒரு முடிச்சு சறுக்கியிருக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

டைவர் மேலே வரத் தாமதமானது. வந்தவர் முகமூடியைக் கழற்றினார். மூடிய கையை டெய்லர் கையின் மேல் வைத்து விரித்தார்.

பை. சட்டை மக்கிப் போய் அதன் விளிம்பில் நாலு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பை அப்படியே இருந்தது. இரண்டு பட்டனும் பூட்டியபடி இருந்தன. உள்ளே மணி கைக்குத் தட்டுப்பட்டது.

"பாறை இடுக்குதாங்க" என்றார் டைவர். "அங்க... மத்தது இருக்கு. நான் தொடல. முறைப்படி ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து மரியாதையா எடுத்துக்கலாம்."

டெய்லர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழக்கம் விடுமா? ஓரம், மூலை, மூடியின் மடிப்பு. ஒரு தையல் விடவில்லை. இந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன என்று இருந்தது அவருக்கு. மீன் செத்துச்சா, தையல் விட்டுச்சா என்று உலகமே கூடிக் கேட்டாலும் இனிமேல் ஒரே பதில்தான்.

படகு கரைக்குத் திரும்பியது. மீனைக் கீறுகிற சின்னக் கத்தி எப்போதும் போல அவருடைய பெட்டியில் இருந்தது. அதை எடுத்தார். ஒரு பக்கத்துத் தையலை அறுத்தால் போதும். மணியை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு பையைக் கடலில் போட்டுவிடலாம். மேடம் பார்த்தார், பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். டைவரும் தன் கயிற்றைச் சுற்றுவதில் மும்முரமானார். ஒரு பொய்க்கு இரண்டு பேர் வாயைக் கட்டிக்கொண்டு இடம் கொடுத்தார்கள்.

கத்தி முனையை முதல் முடிச்சில் வைத்தார். அவள் முகத்தில் அன்று வந்த வெளிச்சம் நினைவுக்கு வந்தது. கூடவே அந்தத் தாழ் போடாத கதவும் வந்தது. இன்னும் பத்து வருடம், இருபது வருடம், செருப்புச் சத்தத்துக்கெல்லாம் நிமிர்ந்துகொண்டு, ஐஸ் கம்பெனிக்கும் வீட்டுக்கும் நடுவில் அவள். இத்தனை காலம் திரையைப் பார்த்துப் பழகியவர் அவர். நகராத புள்ளி என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளை அப்படி நிறுத்தி வைத்தது கடல் இல்லை, தன் நாக்கு என்று அவருக்குத் தோன்றியது. கத்தியைப் பெட்டியில் போட்டு மூடினார்.

அவள் படகுத்துறையில் நின்றிருந்தாள். வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். ரப்பர் பூட்ஸில் இன்னும் ஐஸ் தூள் ஒட்டியிருந்தது. கயிறு கட்டுவதற்குள் விளிம்புக்கு ஓடி வந்தாள்.

"மணி மட்டும்தானே மாமா?"

டெய்லர் கரையேறினார். கையை விரித்துக் காட்டினார்.

"தையல் பிரியலம்மா" என்றார். "நான் பொய் சொன்னேன்."

அவள் பையை வாங்கிக்கொண்டாள். பட்டனைத் திறக்கவில்லை. அவன் பூட்டிய பட்டன். கடைக்கு வருகிற பெண்கள் புதுத் துணியை வாங்கும்போது செய்வது போலக் கட்டைவிரல் நகத்தால் ஓரத் தையலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக நீவிப் பார்த்தாள். எங்கேயும் நகம் இடறவில்லை.

"நல்லாத்தான் தைச்சிருக்கீங்க மாமா" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காகவே வாழ்நாளெல்லாம் மிஷின் மிதித்தவர், அதைக் கேட்டதும் படகுத்துறைக் கல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.